தட்டும் சுவர்

செத்தவள் சுவரைத் தட்டி ஜனங்களைக் கூப்பிடுகிறாள் என்று படப்பைப் பக்கத்துக் கிராமங்களில் பேசிக்கொண்டபோது, அந்தச் சுவரில் முதுகு பட உட்கார்ந்து மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தவள் நான். செத்தவள் என் கணவரின் முதல் மனைவி. அவள் உட்கார்ந்த முக்காலியில்தான் நானும் உட்கார்ந்தேன். அவள் புருஷனுக்குத்தான் நானும் சோறு போட்டேன். ஆகவே பேய் பிசாசு என்று யாராவது கதை விட்டால் சிரித்துவிட்டுப் போகிற சௌகரியம் எனக்கு இல்லை.

சுவர் என்றால் வீட்டுச் சுவர் இல்லை. ஜீப்புக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப்போகிற ஒரு சின்ன வண்டியின் சுவர். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி ஊர் சுற்றிப் பார்க்கவென்று கப்பலில் கொண்டுவந்த வண்டி அது. இரண்டு சக்கரம், ஆளுக்கொன்றாகப் படுக்கப் பலகை, மடக்கு மேசை, கைக்குட்டை அகலத்துக்கு ஒரு ஜன்னல். நம் ஊர் வெயிலைப் பார்த்தது போதும் என்று அவர்கள் திரும்பிப் போகும்போது தாம்பரத்தில் எங்கள் மிஷன் ஆஸ்பத்திரிக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு பலகையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மருந்து அலமாரி வைத்தார்கள். மற்றதில் நோயாளிகள் உட்காருவார்கள், படுக்க வேண்டியவர்கள் படுப்பார்கள். சில நாள் படப்பைப் பக்கம், சில நாள் கூடுவாஞ்சேரிப் பக்கம் என்று டாக்டர் வாசனையே தெரியாத கிராமங்களுக்கு அது போய்வரும். ஜனங்கள் அதை ‘மருந்து வூடு’ என்றார்கள்.

வண்டியின் வெளிப்பக்கம் அலுமினியத் தகடு. உள்பக்கம் மெல்லிய பிளைவுட் பலகை. நடுவில், கண்ணுக்குத் தெரியாமல், தரையிலிருந்து கூரை வரை வரிசையாக மரச்சட்டங்கள். நமக்கு விலா எலும்பு இருப்பது போல அதற்கு அந்தச் சட்டங்கள்தான். குளிர் தேசத்து மரம். நம் ஊர் மழையையும் முடிச்சூர் ரோட்டுப் பள்ளங்களையும் தாங்கச் செய்தது இல்லை.

மூத்தவள் அதில் நர்ஸாக இருந்தாள். அவளை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவள் வேலை செய்த விதத்தை ஆளாளுக்குச் சொல்லி எனக்கு மனப்பாடம். அந்தக் கிராமங்களில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் பாதிப் பேர் வரமாட்டார்கள். காச நோய்க்கு மருந்து வாங்க வந்தவனுக்குத் தன் பேர் நாலு பேர் காதில் விழுவது பிடிக்காது. மாமியாரோடு வந்த மருமகள் கூசிப்போவாள். தகரத்தில் நம்பர் போட்டு டோக்கன் கொடுத்துப் பார்த்தார்களாம். ஜனங்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்திருந்து, அடுத்த வாரமும் அதே நம்பரோடு வந்து முதல் ஆளாக நின்றார்களாம். கடைசியில் மூத்தவள்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். உள்ளே இருக்கும் நோயாளி மருந்தை வாங்கிக்கொண்டு எழுந்து போனதும், கத்தரிக்கோலின் கைப்பிடியால் சுவரில் இரண்டு தட்டு. வெளியே புளியமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களில் முன்னால் இருப்பவர் எழுந்து வந்து கதவைத் திறப்பார். தட்டாமல் ஒருவரும் கிட்டே வரக்கூடாது. உள்ளே ஒருத்தர் சட்டையைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் அல்லவா, அந்த மரியாதைக்காக. ஜனங்கள் அதைச் சர்ச் மணிக்கு மேலாகவே மதித்தார்கள்.

ஒருநாள் அவள் அந்த வண்டியிலேயே இறந்துபோனாள். சிறு வயதிலிருந்தே இருதயத்தில் கோளாறு என்று சொன்னார்கள். எனக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். வண்டியை ஓட்டுகிற டிரைவர்தான் அவள் புருஷன். அவரிடம் யார் கேட்பது?

நான் அந்த வேலைக்குச் சேர்ந்தது அறுபதுகளின் கடைசியில். கம்பவுண்டர் படிப்பு முடித்து, முப்பது தாண்டி, பல்லாவரத்தில் அப்பா வீட்டில் எல்லோருக்கும் கண்ணில் விழுந்த தூசியாக இருந்தவள். என் வாய்க்குப் பயந்தே இரண்டு வரன் ஓடிவிட்டது என்று அம்மா சொல்வாள். சேர்ந்து ஒரு வருஷம் கழித்து ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, டிரைவரைக் கல்யாணம் செய்துகொள்கிறாயா என்று கேட்டார். குடிக்காத மனுஷன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் தவறமாட்டார். அவர் கைக்குப் போன எந்தப் பொருளும் சரியாகித்தான் திரும்பும். ஆஸ்பத்திரிச் சக்கர நாற்காலி, பக்கத்து வீட்டு ரேடியோ, சர்ச் ஆர்மோனியம், எதுவானாலும். நான் சரியென்றேன். எனக்கு அவரைப் பிடித்தும் இருந்தது. அதை டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போனால் மூத்தவளின் சுவடே இல்லை. புடவைகளைச் சபையில் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டாராம். போட்டோ இல்லை. சீப்புகூட இல்லை. அவளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஏதாவது இருந்தால் சண்டையாவது போடலாம். ஒன்றுமே விட்டுவைக்காமல் போனவளோடு எப்படிச் சண்டை போடுவது?

வண்டியில் நான் முதலில் நிறுத்தியது அந்தத் தட்டலைத்தான். கதவைத் திறந்து, “அடுத்தவங்க வாங்க” என்றேன். அவள் கைவழக்கத்தை நான் எதற்குப் பழக வேண்டும்? ஜனங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார்கள். வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

கல்யாணமான இரண்டாவது மழைக்காலத்தில் அது ஆரம்பித்தது. படப்பைக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். ஏரி நிரம்பி, ரோடெல்லாம் சேறு. ஒரு பெரியவர் மருந்தை வாங்கிக்கொண்டு பலகையிலிருந்து எழுந்தார். நான் குனிந்து பாட்டிலுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் சுவரில் டொக், டொக் என்று கேட்டது. நான் நிமிர்வதற்குள் கதவு திறந்தது. நெஞ்சுச் சளிக்கு மருந்து வாங்க வழக்கமாக வருகிற ஆட்டுக்காரம்மா நின்றுகொண்டிருந்தாள்.

“யார் வரச் சொன்னா?” என்றேன்.

“நீதான கூப்ட்ட.”

“நான் கூப்பிடலையே.”

“தட்டுச்சும்மா. ரெண்டு தபா தட்டுச்சு.” என் கையில் மூடி இருப்பதையும், மேசைமேல் கத்தரிக்கோல் கிடப்பதையும் பார்த்தாள். முகம் மாறிப்போயிற்று. “ஐயோ, இது அந்தப் பழைய நர்சம்மா கூப்ட்டுச்சும்மா. அதே தட்டு. எனக்குத் தெரியாதா?”

அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது. எல்லா நேரமும் தட்டாது. யாராவது பலகையைவிட்டு எழுந்தால் பெரும்பாலும் தட்டும். காற்றடித்தாலும் தட்டும். ஜனங்கள் பயந்தார்களா என்றால் அதுதான் இல்லை. அதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல். படியில் கனகாம்பரம் வைத்துவிட்டுப் போனார்கள். ஒருநாள் யாரோ கற்பூரம் கொளுத்தி, படியின் பெயின்ட் கருகிப்போயிற்று. நான் கதவைத் திறந்து “வாங்க” என்று கூப்பிட்டால் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். சுவர் தட்டினால் அடித்துப்பிடித்துக்கொண்டு வருவார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு நான் ஒருத்தி உள்ளே இருப்பது வெறும் ஒப்புக்குத்தான்.

அவரிடம் சொன்னேன்.

“காத்தும்மா” என்றார்.

“காத்து ஆள் எழுந்ததும் பார்த்துத் தட்டுமா?”

அவர் ஜீப்பைத் துடைக்கப் போய்விட்டார். நான் விடுவேனா? சாப்பிடும்போது, ஜீப் ஓட்டும்போது, வேதம் வாசித்து முடித்ததும் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தேன். கிறிஸ்துமஸ் லீவில் வண்டி ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஷெட்டில் நின்றது. அந்த வாரம் முழுவதும் அவர் அதற்குள்ளேயே கிடந்தார். சுவரைக் கழற்றிச் சட்டங்களைப் பார்க்கிறேன் என்றார். காபி எடுத்துக்கொண்டு போனால் கதவைக் கொஞ்சமாகத் திறந்து டம்ளரை வாங்கிக்கொள்வார். கடைசியில் தலையெல்லாம் மரத்தூளாக வெளியே வந்து, “ஆச்சு” என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பொங்கலுக்கு முந்தின வாரம் அதே கிராமத்துக்குப் போனோம். முதல் நோயாளி எழுந்தார். டொக், டொக். முன்னைவிடத் தெளிவாக, கண்டா மணி மாதிரி.

அன்றைக்குத்தான் நான் பயந்தேன். அதுவரை மரம் ஆடுகிறது, தகடு ஆடுகிறது என்று மனசைச் சமாதானப்படுத்தியிருந்தேன். அவர் கை பட்டு ஒரு பொருள் சரியாகாமல் போய் நான் பார்த்ததில்லை. அவர் சரிசெய்தும் தட்டுகிறது என்றால் அது மரமாக இருக்க முடியாது. இவள் போகவில்லை, இவள் புருஷனைவிட்டுப் போகமாட்டாள் என்று வாய்விட்டே சொன்னேன். எதிரே உட்கார்ந்திருந்த பெண், “இன்னாக்கா?” என்றாள். ஒன்றுமில்லை, நாக்கை நீட்டு என்றேன்.

எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயரைக் கூட்டிவந்து வண்டிக்குள் ஜெபம் செய்யச் சொன்னேன். நல்ல மனுஷர், அழுத்தமாகவே ஜெபித்தார். முழங்கால் போட்டிருந்தவர் “ஆமென்” என்று எழுந்ததும் சுவர் இரண்டு முறை தட்டியது. ஐயர் தொப்பியை எடுத்துக்கொண்டு, இனி நீங்களே தினமும் ஒரு சங்கீதம் வாசியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதற்கு நடுவில் இன்னொன்றையும் கவனித்தேன். வண்டியை நிறுத்தியதும் இவர் ஜீப்பைவிட்டு இறங்கவே மாட்டார். ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சுவர் நன்றாகத் தட்டிய நாளில் வீட்டுக்கு வந்ததும் இரண்டாம் முறை சாதம் கேட்பார். தட்டாத நாளில் சாப்பாட்டில் உப்பு இல்லை, காரம் இல்லை என்பார். அந்தப் பொறாமையை என்னவென்று சொல்ல? உயிரோடு இருக்கிற ஒருத்தியிடம் புருஷன் போய்வந்தால்கூட ஊரைக் கூட்டலாம். நான் யாரைக் கூட்டுவது? அவர் என்னோடு குடித்தனம் செய்கிறாரா, அவளோடா என்ற ஒரே கேள்விதான் அந்த இரண்டு வருஷமும் என்னைத் தின்றது.

கல்யாணமான நாலாவது மழைக்காலத்தில் வண்டி தானாகவே வாயைத் திறந்தது. மண்ணிவாக்கம் தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும், உள்ளே அலமாரி சாய்ந்து டிஞ்சர் பாட்டில்கள் உடைந்தன. என் பக்கத்துச் சுவர் வெளிப்பக்கமாகப் புடைத்துக்கொண்டிருந்தது. கூரைக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி. கதவு சாத்தவில்லை. டாக்டரம்மா வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். சட்டங்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துபோயிருக்கின்றன, நன்றாகச் சரிசெய்ய முடிந்தால் செய்யுங்கள், இல்லாவிட்டால் வண்டியைத் தள்ளிவிட்டு இந்தக் கிராமப் போக்குவரத்தையே நிறுத்திவிடலாம் என்றார்.

அவர் தேக்குத் துண்டுகள் வாங்க மரவாடிக்குக் கிளம்பினார். போகும்போது, “சாமானெல்லாம் எடுத்து வெளிய வெச்சிடு. செவுத்த மட்டும் தொடாத, நான் வந்து கயட்டுறேன்” என்றார்.

தொடாதே என்று சொன்னால் தொடுகிற ஜாதி நான். அதுவும் பகல் பதினோரு மணி வெயிலில், ஷெட்டில் ஆள் நடமாட்டம் இருக்கும்போது எனக்கென்ன பயம்? அலமாரியைக் கழற்ற எடுத்த திருப்புளியாலேயே என் முக்காலிக்குப் பின்னால் இருந்த பிளைவுட்டின் திருகாணிகளையும் கழற்றினேன். பலகை கையோடு வந்தது.

உள்ளே வரிசையாகச் சட்டங்கள். எனக்குத் தச்சு வேலை தெரியாது. ஆனால் அவர் வேலை எனக்குத் தெரியும். சட்டமும் குறுக்குச் சட்டமும் சேருகிற ஒவ்வொரு இடத்திலும், பழைய ஆணியைப் பிடுங்கிவிட்டு, தேக்குத் துண்டு ஒன்றை முட்டுக்கொடுத்து, வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டி, பித்தளைத் திருகாணி போட்டிருந்தார். கிறிஸ்துமஸ் லீவில் செய்த வேலை. அந்த மூட்டுகள்தான் இப்போது பாரம் தாங்காமல் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்தன. ஏனென்றால் நடுவில் ஒரு சட்டம் எதையும் தாங்கவில்லை. என் முதுகுக்கு நேராக இருந்த சட்டம். அதற்கு மட்டும் முட்டு இல்லை. திருகாணி இல்லை. மழையில் என்றைக்கோ தானாக விட்டுப்போன அதன் மேல் முனை, குறுக்குச் சட்டத்தைவிட்டு விலகித் தனியாக நின்றது. பலகையைவிட்டு ஆள் எழுந்து வண்டி ஆடுகிற அளவுக்கு விரலால் லேசாகத் தள்ளினேன். போய்த் தகட்டில் மோதி, திரும்பி வந்து, மறுபடியும் மோதியது. டொக், டொக்.

அதோடு விட்டிருந்தால், மறந்துபோய்விட்டார் என்று நினைத்திருப்பேன். அந்த முனையைத் தடவிப் பார்த்தேன். வழுவழுவென்றிருந்தது. உளியால் செதுக்கி, சொரசொரப்புப் போக இழைத்து, மேலே மெழுகுவர்த்தியைத் தேய்த்திருந்தார். மேசை இழுப்பறை சிக்காமல் ஓட வேண்டும் என்றால் அவர் அதைத்தான் செய்வார். என் விரலில் மெழுகு ஒட்டிக்கொண்டது.

பேயைச் செய்தது என் புருஷன். கிறிஸ்துமஸ் வாரம் முழுக்க உட்கார்ந்து, நான் போட்டுக்கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டு செய்திருக்கிறார்.

அவர் மரத்துண்டுகளோடு வந்தபோது நான் அந்தச் சட்டத்துக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். துண்டுகளைக் கீழே வைத்தார்.

“தொடாதன்னு சொன்னனே.”

“இது என்னங்க?”

“சட்டம்.”

“சட்டம்னு எனக்கும் தெரியும். மத்ததெல்லாம் ஒட்டி, ஸ்க்ரூ போட்டு வச்சிருக்கீங்க. இதுக்கு மட்டும் மெழுகு தேய்ச்சிருக்கீங்க. எதுக்கு?”

கீழே வைத்த துண்டுகளைக் குனிந்து அடுக்கினார். பிறகு, “சத்தம் நின்னுப்போச்சின்னா எனக்கு ஆவாது” என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. “அப்ப நான் யாரு? உங்களுக்குப் பொங்கிப் போட வந்தவளா? ரெண்டு வருஷமா அவ என் முதுகுல தட்டுறான்னு நான் செத்துச் செத்துப் பொழைச்சிருக்கேன். நீங்க ஜீப்புல உக்காந்து அதை ரசிச்சுக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க. அவளோடதான் இருக்கணும்னா என்னை எதுக்குக் கட்டினீங்க?” ஆஸ்பத்திரிச் சமையல்காரர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும் என்றுதான் கத்தினேன். “இதை இன்னிக்கே மூடுங்க. மூடலைன்னா நான் பல்லாவரம் போறேன். திரும்பி வரமாட்டேன்.”

அவர் சட்டையைக் கழற்றி ஜன்னலில் மாட்டினார். மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்து, தகர டப்பாவில் வச்சிரத்தைப் போட்டுக் காய்ச்சினார். மாட்டுத் தோல் வேகிற மாதிரி அந்த நாற்றம் ஷெட் முழுக்க நிறைந்தது. சட்டத்தின் முனையிலிருந்த மெழுகைக் கத்தியால் சுரண்டி எடுத்தார். சுரண்டச் சுரண்ட அவர் கை மெதுவாகிக்கொண்டே போனது. “இத்தப் புடி” என்றார். நான் இரண்டு கையாலும் சட்டத்தைக் குறுக்குச் சட்டத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். சூடான பசையை ஊற்றி, தேக்குத் துண்டை முட்டுக்கொடுத்து, கயிறு போட்டு இறுக்கி, கயிற்றுக்கு இடையில் ஆப்பு அடித்தார். இருவர் தோளும் இடித்துக்கொண்டுதான் வேலை செய்தோம். ஆனாலும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்ததும் உள்ளங்கையைத் தகட்டில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய்விட்டேன்.

விட்டுப்போன மற்ற மூட்டுகளையும் சேர்த்து, பசை நன்றாகக் காய்ந்து, வண்டி புதுசு மாதிரி ஆகிப் படப்பைப் பக்கம் போனபோது மழை ஓய்ந்திருந்தது. முதல் நோயாளி எழுந்து போனார். சுவர் சும்மா இருந்தது. எனக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. வெளியே ஒரு ஆள் அசையவில்லை. நான் கதவைத் திறந்து கூப்பிட்டேன். அப்போதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் எழுந்தார்கள்.

நான் கதவைச் சாத்தி ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, அவர் வந்து திறந்தார்.

“தண்ணி கீதா?”

“இருக்கு.”

போனார். அடுத்த ஆள் உட்கார்ந்திருக்கும்போது மறுபடியும் கதவு திறந்தது. “பஞ்சு போதுமா?” போதும் என்றேன். மூன்றாவது தடவை ஒன்றும் கேட்கத் தோன்றாமல் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இப்படியே போனது. ஒரு பெண் ரவிக்கையைத் தளர்த்திக்கொண்டிருக்கும்போதும் கதவைத் திறந்துவிட்டார். அவள் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அடுத்தது ஆட்டுக்காரம்மா. அவள் உள்ளே வந்து உட்காருவதற்குள் இவர் தலை மறுபடியும் தெரிந்தது. எனக்குத் தாங்கவில்லை.

“என்னதான் வேணும் உங்களுக்கு? அவ சத்தம் கேக்கலைன்னதும் இருப்பு கொள்ளலையா? உள்ளே வந்து தேடிப் பாருங்க, எங்கயாவது இருக்காளான்னு!”

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றார். வேர்த்து, முகம் வெளுத்துப்போயிருந்தது.

“அன்னிக்கு நான் இங்கதான் இருந்தேன்” என்றார். “ஜீப்புல. அது தட்டும், ஒருத்தரு போவாங்க. தட்டும், ஒருத்தரு போவாங்க. அப்பறம் தட்டல. சரி, கூட்டம் முடிஞ்சிப்போச்சி, சாமான எடுத்து வெச்சிகினு வரும்னு நெனச்சேன். பீடி பத்த வெச்சிகினு ரோட்டப் பாத்துகினு குந்தியிருந்தேன். மரத்தடில ஆளுங்க கீறாங்களான்னு நான் திரும்பிப் பாக்கல. அவங்களும் தட்டாம கிட்ட வர மாட்டாங்க இல்ல. அவங்க அங்க குந்திகினு கீறாங்க. நான் இங்க குந்திகினு கீறேன்.”

பலகையில் உட்கார்ந்திருந்த ஆட்டுக்காரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, “அன்னிக்கு அடுத்த ஆளு நான்தாம்மா” என்றாள். “இன்னும் தட்டல, இன்னும் தட்டலன்னு குந்திகினே இருந்தேன். கதவத் தொறந்து பாத்தா கோவிச்சிக்கும்னு இருந்துட்டேன்மா.”

“தரையில கெடந்துச்சி” என்றார் அவர். “டாக்டரம்மா சொன்னாங்க, ஒடனே பாத்திருந்தா ஒரு ஊசி போட்டிருக்கலாம்னு. பொழச்சிருக்குமோ என்னமோ. சத்தம் நின்னுச்சி, நான் குந்திகினு இருந்தேன்.” மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டார். “நீ உள்ள கீற. கதவு சாத்தி கீது. ஒரு சத்தமும் இல்ல. என்னால அங்க குந்தியிருக்க முடியல. அவ்ளோதான்.”

நான் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அதுதான் பதிலா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தச் சட்டத்துக்கு அவர் மெழுகு தேய்த்தது அவளுக்காகவா, உள்ளே தனியாக உட்கார்ந்திருந்த எனக்காகவா என்று அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. என் கோபம் எங்கே போயிற்று என்றும் தெரியவில்லை. அழுகை வந்தது. ஆட்டுக்காரம்மாவுக்கு முன்னால் அழ வேண்டாம் என்று பார்த்தேன், அவளே அழுதுகொண்டிருந்தாள்.

“திருப்புளி இருக்கா?” என்றேன்.

ஜீப்பிலிருந்து எடுத்து வந்தார்.

“கதவைக் கழட்டுங்க.”

“இன்னாத்துக்கு?”

“கழட்டுங்கன்னா கழட்டுங்க.”

மரத்தடியில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். கீல்களைக் கழற்றி, கதவைத் தூக்கி வண்டியின் பக்கவாட்டில் சாத்தி வைத்தார். பலகைக்கு மட்டும் மறைவாக ஒரு போர்வையைக் கட்டித் தொங்கவிட்டேன். என் முக்காலியை வாசலுக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டேன். வெயில் நேராக என் மடியில் விழுந்தது. அவரை ஜீப்பில் உட்கார வேண்டாம் என்று சொல்லி, எதிரே புளியமர வேரைக் காட்டினேன். போய் உட்கார்ந்துகொண்டார்.

எழுபதுகளின் நடுவில் கிராமங்களுக்குப் பக்கத்திலேயே டாக்டர்கள் வந்து, அந்த வண்டியின் ஓட்டம் நிற்கும்வரை அப்படித்தான் நடந்தது. நான் குனிந்து மாத்திரை எண்ணிக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரம் ஆனால் வேரிலிருந்து அவர் கழுத்தை நீட்டிப் பார்ப்பார். யாரைப் பார்க்கிறார் என்று எனக்கு நிச்சயமில்லை. ஆனாலும் அவர் பார்க்கும்போதெல்லாம் வேலையை நிறுத்தி, தலையை நிமிர்த்தி, அவருக்கு என் முகத்தைக் காட்டினேன்.